மலைப்பூண்டும் மாத்திரையும்: எது எவ்வளவு குறைக்கும்?

கொடைக்கானல் பக்கம் யாருக்காவது கொழுப்பு கூடிவிட்டது என்று தெரிந்தால் போதும், "பூண்டைத் தேனில் ஊறவைத்துச் சாப்பிடு" என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். மலைப்பூண்டு நல்ல பூண்டுதான், ரசத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எல்.டி.எல். (இரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பு) 180 இருப்பவருக்கு அது செய்யும் வேலை மிகச் சிறியது.

கணக்கைப் பாருங்கள். எல்.டி.எல். 180-க்கு, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எடுத்தால் ஏறக்குறைய 113-க்கு இறங்கும். 20 மி.கி. ஆக்கினால் 103, 40 மி.கி. என்றால் 92 சுமாருக்கு வரும். அளவை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கிடைப்பது ஆரம்ப எண்ணில் 6 சதவீதம்தான். அதனால்தான் சில டாக்டர்கள் அளவைக் கூட்டாமல் எசெட்டிமைப் 10 மி.கி. சேர்க்கிறார்கள். அது குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். இருப்பதில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மாரடைப்பு வந்தவருக்கு இலக்கு 70-க்கும் கீழே என்பதால் பலருக்கு இரண்டும் தேவைப்படும்.

ஆரம்பித்து ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபரிசோதனை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நார்மல் மாத்திரை கொடுத்த நார்மல். நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய எண் திரும்பிவிடும். அட்டோர்வாஸ்டாட்டினை ராத்திரிதான் போட வேண்டும் என்றில்லை. மறக்காத நேரம் எதுவோ அதுவே சரி. கோயம்புத்தூர் டாக்டரிடம் காட்டுபவர்கள், மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபடுவதையும் மனதில் வைத்து, இரண்டு வார மாத்திரையாவது கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையால் தசை வலி வரும் என்ற பயம் மலையில் இன்னும் அதிகம், காரணமும் உண்டு. இறக்கத்தில் நடந்தாலே தொடை வலிக்கும், இரத்தத்தில் சி.கே. (தசை பாதித்தால் கூடும் நொதி) அளவும் ஏறும். செங்குத்தான இறக்கத்தில் நடந்த மறுநாள் சி.கே. பார்த்தால் பழி மாத்திரை மேல் விழும். நாலைந்து நாள் கடினமான நடையை விட்டுவிட்டுப் பிறகு சி.கே. பாருங்கள். ஒரு முழங்கால் மட்டும் வலிப்பது பெரும்பாலும் மூட்டு. இரண்டு தொடையும் தோளும் சேர்ந்து வலித்து, மாத்திரை ஆரம்பித்த பிறகே தொடங்கியது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்: தைராய்டு குறைந்தால் எல்.டி.எல்.லும் ஏறும், மாத்திரையால் வரும் தசை வலியும் கூடும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சளிக்கோ நெஞ்சுத் தொற்றுக்கோ கிளாரித்ரோமைசின் எழுதினால், இந்த மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசை பாதிக்கலாம்.

சாப்பாட்டில் முதல் எதிரி, சொன்னால் ஊட்டிக்காரர்களுக்குக் கோபம் வரும், வர்க்கி என்ற மொறுமொறு பேக்கரிப் பண்டம். எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத வரம்பு வந்துவிட்டது, சரி. ஆனால் வனஸ்பதியிலும் நெய்யிலும் உள்ள நிறைகொழுப்பு எங்கும் போகவில்லை. தினம் நாலு மணி டீக்கு என்பதை வாரம் ஒரு தடவை ஆக்கினாலே நல்லது. கூடலூர்ப் பக்கம் தேங்காய் எண்ணெய்ச் சமையலும் எல்.டி.எல்.லை ஏற்றும். எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும்.

சேர்க்க வேண்டியது வாசலிலேயே விளைகிறது: பீன்ஸ், அவரை, பச்சைப்பட்டாணி, கேரட். பட்டர் ஃபுரூட்டை (அவகேடோ) வெண்ணெய்க்குப் பதிலாகச் சாப்பிட்டால் பலன் உண்டு. பாலும் சர்க்கரையும் போட்டு ஜூஸ் அடித்தால் எடைதான் கூடும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் 10 முதல் 15 சதவீதம் வரை குறையலாம். மாத்திரையின் அளவைக் கூட்டாமல் இருக்க அது உதவும்.

நடை தினம் அரை மணி நேரம். பனி விழும் விடியற்காலையில் ஏற்றம் ஏறும்போது நெஞ்சு இறுக்கி, நின்றால் சரியாகிறது என்றால் அதை வாயுத் தொல்லை என்று ஒதுக்காமல் அன்றே இ.சி.ஜி. எடுங்கள். நின்றும் ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். கீழே இறங்கும் மலைப்பாதையில் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.