பூனைக்குப் பாராசிட்டமால் வேண்டாம்

பூனைக்குக் காய்ச்சல், அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்டு எங்கள் கிளினிக்குக்கு இன்னமும் ஃபோன் வருகிறது. கால் மாத்திரைகூடக் கூடாது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். இந்த நச்சை முறிக்க அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து உண்டு. தாமதித்தால் பலன் குறையும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? திட்டுவோம் என்று மறைக்காமல், மாத்திரை அட்டையோடு உடனே வாருங்கள். (திட்டுவது பிறகுதான்.)

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து மீதம் இருக்கிறதே என்று பூனை மேல் தடவாதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தது என்றால் நடுக்கமும் வலிப்பும் வரும். வாங்கும்போதே பூனைக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.