பட்டின் பின்புறத்தில் பூசும் வெள்ளை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் மரபுவழி ஓவியமான நிஹோங்காவை வரைபவர்களில் பெரும்பாலோர் பட்டுத் துணியில் வரைவதை விட்டுவிட்டார்கள். தடித்த காகிதத்தில் கனிம வண்ணத்தை அப்பி வரைவதே வழக்கமாகிப்போனது. 1974இல் பிறந்த ஃபுயுகோ மட்சுய் மறுபடி பட்டை எடுத்தார். அவருடைய 2004ஆம் ஆண்டு ஓவியத்தில் வயிறு திறந்த ஒரு பெண் பூக்களுக்கு நடுவே கிடக்கிறாள். பிணம் அழுகும் ஒன்பது நிலைகளைக் காட்டும் பழைய பௌத்த ஓவிய மரபான குசோஸுவின் வழியில் வந்தது அது. கருப்பொருள்தான் பேசப்படுகிறது. அதைத் தாங்குவது துணி என்பேன். பின்னால் இருப்பது முன்னால் தெரியும் துணி அது.

ஓவியப் பட்டு கொசுவலை போல மெல்லியது. அதை மரச்சட்டத்தில் மாவுப்பசையால் ஒட்டி இழுத்துக் கட்ட வேண்டும். இழை கோணினால் முகமும் கோணும். அடுத்தது தோசா, அதாவது மை பரவாமல் தடுக்கத் துணியில் பூசும் பசைநீர். 1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 15 கிராம் விலங்குப் பசை, 5 கிராம் படிகாரம். பசையை முதல் நாள் இரவே ஊறவைத்து, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைக்கிறார்கள். கொதித்தால் ஒட்டும் சக்தி போய்விடும். சூடு சற்று ஆறியபின் படிகாரம் சேர்க்கிறார்கள். அகலத் தூரிகையால் ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. மழை நாளில் இந்த வேலையைத் தொடக்கூடாது, திட்டுத் திட்டாகக் காயும். தோசா படாத இடத்தில் மை இழையோடு ஓடிவிடும், அதை எடுக்க வழியில்லை. பயந்துகொண்டு படிகாரத்தைக் கூட்டினாலும் தப்புதான். துணியில் மினுமினுப்பு பூக்கும், தூரிகை இழுபடும், அதன் அமிலம் சில பத்தாண்டுகளில் பட்டைப் பழுப்பாக்கி நொறுக்கும்.

காகிதத்தில் போட்ட முன்வரைவைப் பிரதியெடுக்கத் தேவையில்லை. பட்டுக்கு அடியில் வைத்தால் கோடு மேலே தெரியும், அதன்மீதே மை ஓட்டலாம்.

இனிதான் உராசைஷிக்கி, அதாவது பின்புறம் வண்ணம் பூசுதல். சருமம் வரும் இடங்களில் சட்டத்தைத் திருப்பி, பின்னாலிருந்து கோஃபுன் என்ற வெள்ளையைப் பூசுகிறார்கள். சிப்பி ஓட்டை ஆண்டுக்கணக்கில் வெயில் மழையில் போட்டு அரைத்த பொடி அது. நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு போலச் சுட்டது அல்ல. சுட்ட சுண்ணாம்பின் காரம் பட்டை அரித்துவிடும். பொடியில் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, உருட்டி, தட்டில் நூறு தடவை அடித்து, பிறகு நீரில் கரைக்க வேண்டும். பசை குறைந்தால் விரலில் ஒட்டி வரும், கூடினால் வெடிக்கும். ஈரத்தில் கோஃபுன் கண்ணுக்கே தெரியாது, காய்ந்தபிறகுதான் வெளுக்கும். பொறுமையில்லாமல் மேலும் மேலும் பூசுகிறவர்களுக்கு மறுநாள் கட்டி கட்டியாகத்தான் கிடைக்கும்.

முன்புறம் மெல்லிய வண்ண நீர் மட்டும் போதும். ஒளி இழைகளின் இடைவெளியில் நுழைந்து பின்வெள்ளையில் பட்டுத் திரும்புவதால் சருமம் உள்ளிருந்து வெளுப்பது போல இருக்கும். சுருட்டும்போது வெடிக்கும் அளவுக்கு முன்பக்கம் கனமும் இல்லை.

18ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஓவியர் இட்டோ ஜகுச்சு வரைந்த 30 பட்டோவியங்களை 1999 முதல் ஆறு ஆண்டுகள் பழுதுபார்த்தார்கள். பட்டின் பின்னால் தாங்கலாக ஒட்டியிருந்த காகிதத்தைப் பிரித்தபோது பின்புற வண்ணங்கள் முழுசாகத் தெரிந்தன. அவற்றில் ஒன்றில் வெள்ளை ஃபீனிக்ஸின் இறகு பொன்னாக மின்னும். ஆனால் சோதனையில் பொன் கிடைக்கவில்லை. பின்புறம் மஞ்சள் காவி, முன்புறம் வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான்.

அதனால் கடைசியாக ஒட்டும் பின்காகிதத்தையும் ஒரு வண்ணமாகவே எண்ண வேண்டும். பளீர் வெள்ளைக் காகிதம் ஒட்டினால் பூசாத இடமும் வெளுத்துவிடும், அத்தனை பாடுபட்டுப் பின்னால் பூசிய சருமம் அதோடு கலந்து மறைந்துபோகும்.