கத்திரி வெயிலில் கத்திரிக்காய் பன்

மே 5

கத்திரி நேற்றுத் தொடங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே சமையலறை 37 டிகிரி, டப்பாவில் இருக்கும் மைதா 36. வேலூரில் இந்த மாதம் பூரணம் வைத்த பன் செய்ய, முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் குளிர்ச்சி. பிசைந்து முடிக்கும்போது மாவு 26 டிகிரி இருந்தால் நல்லது. அறை, மைதா, தண்ணீர் மூன்றின் சூட்டின் சராசரிதான் மாவின் சூடு என்று வைத்து, 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் அறையின் 37, மைதாவின் 36 போனால் தண்ணீருக்கு மிச்சம் 5. ஆக, ஐஸ் போட்டு வடித்த தண்ணீர்தான் வேண்டும். மெஷினில் பிசைகிறவர்கள் மைதாவையும் முன்னிரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உராய்வில் சூடு இன்னும் ஏறும்.

16 பன்னுக்கு மைதா 500 கிராம், பால் 150 மில்லி, ஐஸ் தண்ணீர் 150 மில்லி, சர்க்கரை 35 கிராம், உப்பு 9 கிராம், வெண்ணெய் 40 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். மார்கழியில் ஈஸ்ட் 5 கிராம் போடலாம். இப்போது போட்டால் மாவு புளித்த வாடை அடிக்கும். பாக்கெட் பாலை அப்படியே ஊற்றாமல் பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, குளிரவைத்து ஊற்றுங்கள். காய்ச்சாத பாலில் உள்ள ஒரு புரதம் மாவின் இழுவையைத் தளர்த்திவிடும்.

மே 6

ஈஸ்டை ஐஸ் தண்ணீரில் நேராகக் கொட்டக் கூடாது, அதன் வீரியம் குறையும். மைதாவில் கலந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் சேர்த்து 20 நிமிடம் மூடி வைத்துவிட்டால் பாதிப் பிசைவு தானாகவே நடந்துவிடும். அதன்பின் வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசையுங்கள். நடுவில் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அப்போது மாவு தூவினால் பன் மறுநாளே வறண்டுபோகும். ஒரு துண்டு எடுத்து விரித்துப் பார்த்தால் விரல் நிழல் தெரிகிற அளவுக்குக் கிழியாத சவ்வாக வர வேண்டும், அதுவே பதம்.

மே 8

பூரணத்துக்கு வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பிலும் தொப்பியிலும் முள் இருக்கும், காம்பைத் தாராளமாக ஒதுக்கி நறுக்குங்கள். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்தான் இதற்கு முன்மாதிரி. ஆனால் அந்தத் தளர்வு பன்னுக்கு ஆகவே ஆகாது.

500 கிராம் காயைச் சிறு துண்டாக்கி உப்புப் பிசிறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழியுங்கள். வெறும் வாணலியில் ஈரம் வற்ற வதக்கிய பிறகு எண்ணெய் விட்டால் காய் எண்ணெய் குடிக்காது. நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வெங்காயம் 200 கிராம், மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, தனியாத்தூள் ஒரு மேசைக்கரண்டி, நெல்லிக்காயளவு புளியின் கெட்டிக் கரைசல். கடைசியில் வறுத்துப் பொடித்த மல்லாட்டை (வேர்க்கடலை) 40 கிராம், எள்ளுப்பொடி 10 கிராம். மிச்ச ஈரத்தைப் பிடிப்பது இந்தப் பொடிதான், இதில் சிக்கனம் வேண்டாம். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் அந்த இடம் மூடிக்கொள்ளக் கூடாது. பிரிந்து நிற்கும் எண்ணெயை வடித்துவிடுங்கள்.

மே 9

முதல் எழுச்சி ஒரு மணி நேரம் என்பது நம்ம ஊர் மே மாதத்துக்குப் பொருந்தாது. முக்கால் மணியிலேயே மாவு இரட்டிக்கிறது. கடிகாரத்தை நம்பாமல் பாத்திரத்தில் கோடு போட்டுப் பாருங்கள்.

55 கிராம் உருண்டை, 30 கிராம் பூரணம். உருண்டையைத் தட்டும்போது நடு தடிப்பாகவும் ஓரம் மெல்லிசாகவும் இருக்கட்டும். ஒரே சீராகத் தட்டினால் ஓரங்கள் கூடும் அடிப்பக்கம் கட்டியாகி, மேல்பக்கம் சவ்வாகிப் பிளக்கும். ஓரத்தில் எண்ணெய்ச் சொட்டு பட்டாலும் ஒட்டாது. பூரணம் வைக்கும் கையும் மடிப்பைக் கிள்ளும் கையும் வேறாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மடிப்பு கீழே இருக்கும்படி டிரேயில் வைத்து ஈரத்துணி மூடி 25 நிமிடம். விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி எழ வேண்டும். அப்படியே நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது, அடுப்பில் அமுங்கும்.

மேலே பால் தடவி, 190 டிகிரியில் கால் மணி நேரம் சூடான ஓ.டி.ஜி.யில் (சிறிய மின் அடுப்பு) நடுத் தட்டில் 18 முதல் 20 நிமிடம்.

மே 12

அறுத்துப் பார்த்த பன்னில் பூரணத்துக்கு மேலே கட்டைவிரல் நுழையும் குகை. அதன் கூரை பளபளவென்று ஈரமாக இருந்தது. பூரணம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மடித்தால் இப்படித்தான் ஆகும்: சூடு பட்ட இடத்தில் மாவு முந்திப் பொங்கும், அடுப்பில் ஆவி அதைத் தூக்கும். பூரணத்தை ஃபிரிட்ஜில் வைத்து உருட்டியபோது குகை பெருமளவு குறைந்தது. அடுப்பில் வைக்குமுன் உச்சியில் ஈர்க்கால் ஒரு துளை போட்டதும் மிச்சமும் சரியாயிற்று.

அடி வெளுத்து மேல் சிவந்தால் கடைசி நான்கு நிமிடம் கீழ்க் கம்பியை மட்டும் எரியவிடுங்கள்.

மே 13

இரண்டாம் எழுச்சியின்போது கரண்ட் போனால் டிரேயை உடனே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். கதவைத் திறந்து திறந்து பார்க்காவிட்டால் ஒரு மணி நேரம்வரை தாங்கும்.