கூரைத் தண்ணீரும் கிணற்றடித் தண்ணீரும்

ஆவணியில் எங்கள் கிணற்றில் வாளி அடிமணலில் முட்டும். மார்கழியில் அதே வளவில் வெள்ளம் நின்று, கான் வழியே கடலுக்குப் போகும். திருகோணமலையில் மழைக்குப் பஞ்சமில்லை, பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது.

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். சிதறுவது போனாலும் 4,000 தேறும், கூரையோரப் பீலி ஒழுங்காக இருந்தால்! முதல் மழையை மட்டும் தாங்கிக்குள் விடாதீர்கள். காக எச்சம், சருகு எல்லாம் அதோடுதான் வரும். தாங்கியின் வாய்க்கு நுளம்பு வலையும் கட்டாயம்.

கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்துக்குக் கிணற்றடித் தண்ணீர்தான், அதாவது குளித்துத் துவைத்து வழிந்தோடும் தண்ணீர்தான் கை கொடுக்கும். அதைச் சும்மா வாழைக்குத் திருப்புவதே பலர் வழக்கம், அதுவும் நல்லதுதான். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால், மண்டி அடங்க ஒரு சின்னத் தொட்டி, அப்புறம் அடியில் தடித்த பொலித்தீன் விரித்துச் சல்லிக்கல் நிரப்பிய பாத்தி, அதில் கல்வாழை. கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் பக்டீரியா அழுக்கைத் தின்னும். தண்ணீர் கல்லுக்குக் கீழேயே ஓடுவதால் நுளம்பு முட்டையிட வழியில்லை. குசினித் தண்ணீர் என்றால் முதலில் எண்ணெயைப் பிடிக்க ஒரு தொட்டி வேண்டும். மலசலகூடத் தண்ணீரை இதோடு சேர்க்கவே கூடாது. நம் மணல் நிலத்தில் அது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் யாராவது கல்வாழைப் பாத்தி போட்டிருக்கிறீர்களா? வந்து பார்க்கலாமா?