ஒரு நாள் ஏஐ ஹேக்கத்தான்: கையில் இருப்பது ஐந்து மணி நேரம்

அணியாக உட்கார்ந்து குறுகிய நேரத்தில் ஒரு செயலியை உருவாக்கிக் காட்டும் போட்டிதான் ஹேக்கத்தான். ஒரு நாள் என்று அழைப்பில் போட்டிருந்தாலும் வேலை செய்யக் கிடைப்பது ஐந்து மணி நேரம்தான். ஒன்பது மணிக்குப் பதிவு, கழுத்து அட்டை, டி-ஷர்ட். பிறகு ஸ்பான்சர் பேச்சு. பத்தரைக்கு மேல்தான் லேப்டாப் திறக்கும். ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலரைக்கு கோட் ஃப்ரீஸ் (அதற்குமேல் நிரலைத் தொடக் கூடாது), ஐந்துக்கு டெமோ. நடுவில் மென்டர்கள் மேசை மேசையாக வந்து ஆளுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கும் அணிதான் மூன்று மணிக்கு லாகின் பக்கத்துக்கு நிறம் தேடிக்கொண்டிருக்கும்.

கோட் எழுதுவது இப்போது மலிந்துவிட்டது. கர்சர், கிளாட் கோட், கோபைலட் என்று எந்த ஏஐ கருவியைத் திறந்தாலும் அரை மணியில் படிவமும் பட்டனும் வந்துவிடுகின்றன. அதனால் நேரம் இரண்டு இடங்களில்தான் போகிறது: எதையெல்லாம் விடுவது என்று முடிவெடுப்பதிலும், ஏஐ மாடல் கொடுத்த விடை சரியா என்று பார்ப்பதிலும். முதல் முக்கால் மணி நேரம் யாரும் கோட் எழுதக் கூடாது என்று அணிக்குள் ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து மேசையில் திரை பளபளக்கும்போது அதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்.

ஒரு உதாரணத்தை வைத்தே பேசலாம். ‘மனை வாங்குபவர்களுக்கு ஏஐ உதவியாளர்’ என்பது ஒரு நாளில் முடியாது. அது மூன்று நிறுவனங்களுக்கான வேலை. ‘வில்லங்கச் சான்று பிடிஎஃபைப் போட்டால், அதில் பதிவான அடமானங்களில் ரசீது பதிவாகாதவை எவை என்று சொல்’ என்பது முடியும். உள்ளே போவது ஒரு கோப்பு, வெளியே வருவது ஒரு பட்டியல், பயன்படுத்துபவர் மனை வாங்கப் போகும் ஒருவர். இந்த அளவுக்குச் சுருங்கும் வரை பேச்சை நிறுத்தக் கூடாது. ‘அப்படியே சாட்பாட்டும் வைத்துவிடலாமே’ என்று ஒருவர் சொல்வார். சொல்லட்டும், தாளில் எழுதி ஓரமாக வைக்கலாம்.

தமிழ்நாட்டு வில்லங்கச் சான்றில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், புல எண் (சர்வே எண்), எல்லை விவரம் எல்லாம் இருக்கும். வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினால் அது உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு என்று பதிவாகும். கடன் அடைந்ததும் ரசீது ஆவணம் பதிவாகும். பெரும்பாலும் அதில் முந்தைய ஆவண எண்ணாக ஒப்படைப்பின் எண் இருக்கும். இந்த இரண்டையும் ஜோடி சேர்த்தால் மிச்சம் நிற்பது எது என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலான அணிகள் சறுக்குவது இங்கேதான். சான்று முழுவதையும் மாடலிடம் கொடுத்து, ‘அடைக்கப்படாத கடன் இருக்கிறதா?’ என்று கேட்பார்கள். அழகான பத்தி ஒன்று வரும்; சில சமயம் அது தவறாக இருக்கும்; எந்தச் சமயம் என்று தெரியாது. மாடலிடம் படிக்கும் வேலையை மட்டும் கொடுங்கள். குழப்பமான பக்கத்திலிருந்து எட்டுப் பத்துப் புலங்களை (ஆவண எண், தேதி போன்ற விவரங்களை) ஜேசானாக, அதாவது நிரல் படிக்கக்கூடிய பட்டியலாக, எடுத்துத் தருவது அதற்கு நன்றாக வரும். ஜோடி சேர்ப்பதும் எண்ணுவதும் தேதி வரிசைப்படுத்துவதும் பைத்தான் நிரலில் இருபது வரி. அந்த இருபது வரி ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தரும். ஜூரி ‘இது எப்படி முடிவெடுக்கிறது?’ என்று கேட்டால் வரியைக் காட்டலாம். முந்தைய எண் இல்லாத ரசீதை எதனுடனும் சேர்க்காமல் ‘கையால் சரிபார்க்கவும்’ என்று தனியே வைப்பதும் இந்த இருபது வரிக்குள் அடங்கும்.

உரைத் துண்டுகளைப் பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடும் வெக்டர் டேட்டாபேஸ் இதற்குத் தேவையே இல்லை. பத்துப் பக்கச் சான்று இன்றைய எந்தப் பெரிய மாடலின் கான்டெக்ஸ்டிலும் (ஒரே தடவையில் அது படிக்கும் அளவு) முழுதாக அடங்கும். ஆனாலும் ஒவ்வொரு ஹேக்கத்தானிலும் யாராவது துண்டு போட்டு, எம்பெடிங் செய்து (எண்வரிசையாக மாற்றி), பக்கத்துத் துண்டைத் தேடி மதியத்தைத் தொலைக்கிறார்கள். அமைப்பு வரைபடத்தில் பெட்டிகள் கூடும், அவ்வளவுதான்.

தரவை முந்தைய நாளே தயார் செய்ய முடிந்தால் பாதி வேலை முடிந்தது. உண்மையான மனிதர்களின் சான்றுகளை ஏற்ற வேண்டாம். மாடலை நம் நிரலிலிருந்து அழைக்க உதவும் ஏபிஐயின் இலவசத் திட்டங்களில் சில, அனுப்பிய தரவைத் தங்கள் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்திக்கொள்ளும் என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கின்றன. கற்பனைப் பெயர்களை வைத்து ஏழெட்டுச் சான்றுகள் தட்டச்சு செய்துகொள்ளலாம். ஆனால் வேர்டிலிருந்து நேராக வந்த பிடிஎஃப் மிகவும் சுத்தமாக இருக்கும். அதில் எல்லாமே வேலை செய்யும். இரண்டை அச்செடுத்து, மடித்துப் பிரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் சற்றுக் கோணலாகப் போனில் படமெடுத்துச் சேர்த்தால்தான் நிஜம் வரும்.

அடுத்தது தமிழ் எழுத்து. பிடிஎஃபைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை. பழைய எழுத்துரு முறையில் உருவான கோப்பு என்றால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். யூனிகோடாக இருந்தாலும் சில கோப்புகளில் கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும், ஏனென்றால் பிடிஎஃப் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளை வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட கோப்புடன் மல்லுக்கட்ட வேண்டாம். பக்கத்தை 300 டிபிஐ படமாக மாற்றி, படம் பார்க்கும் மாடலிடம் நேராகக் கொடுத்துவிடலாம். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளில் தமிழும் உண்டு, நம் கணினியிலேயே ஓடுவதால் இணையம் படுத்தால் அது கைகொடுக்கும்.

இதைவிட மறைவான சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘கொ’ என்பதை ககரம், ஒகரக் குறி என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும்போது மட்டும் வேறு வேறு. ‘கொளத்தூர்’ இரண்டு ஊராகிவிடும். எல்லா உரையையும் உள்ளே வந்தவுடன் என்எஃப்சி என்ற சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றும் ஒரே வரி இதைத் தீர்க்கும். முன்னால் தாவி நிற்கும் கொம்பை மட்டும் அது சரிசெய்யாது.

செலவும் வேகமும் எழுத்தைப் பொறுத்தவைதான். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆங்கில எழுத்துக்கு 1. பல மாடல்களில் அதே செய்தி தமிழில் கூடுதல் டோக்கன் (மாடல் உரையைப் பிரித்து எண்ணும் துண்டு, கட்டணமும் இதற்குத்தான்) தின்னும். புதிய மாடல்களில் இந்த இடைவெளி குறைந்திருந்தாலும் தீர்ந்துவிடவில்லை. அதனால் மாடலுக்குத் தரும் கட்டளையை (பிராம்ப்ட்) ஆங்கிலத்தில் எழுதி, தரவையும் விடையையும் மட்டும் தமிழில் வைப்பது சிக்கனம். கூடவே கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, அடமானம், ரசீது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் புழங்கும் சொற்களாகப் பதினைந்தைக் கட்டளையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மாடல் தானே ஒரு மொழிபெயர்ப்பைக் கட்டிவிடும், அது பத்திர எழுத்தருக்கே புரியாது.

நீளமான சான்றில் இன்னொரு பொறி. வெளியீட்டு டோக்கனுக்கு உச்சவரம்பு உண்டு. ஐம்பது பதிவுகள் இருந்தால் முப்பதைத் தாண்டி எங்கோ ஜேசான் பாதியில் அறுந்துவிடலாம். அடைப்புக்குறி மூடாததால் நிரல் முழுதும் விழும். இரண்டிரண்டு பக்கமாக, ஒரு பக்கம் மேற்பொருந்தும்படி அனுப்பினால் பக்கம் தாண்டும் பதிவும் தப்பாது. மேற்பொருந்தியதால் வரும் இரட்டைகளை நீக்கும்போது ஆவண எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. எண் ஒவ்வொரு ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும், அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு. எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றும் சேர்ந்ததுதான் அடையாளம்.

புல எண்தான் ஜூரியின் கண் போகும் இடம். ‘112/2ஏ1’ என்பதில் சாய்கோடு ஒன்றாகவும், ஒன்று சாய்கோடாகவும் மாறும். ‘ஏ’ சில இடத்தில் ஆங்கில எழுத்தாக வரும். மாடல் கொடுத்த ஒவ்வொரு புல எண்ணும் மூல உரையில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் சோதனை ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் திரையில் அந்தக் கட்டத்தை மஞ்சளாக்குங்கள். படமாகப் படித்த பக்கம் என்றால் இரண்டு முறை தனித்தனியே படிக்கச் சொல்லி, வேறுபட்டால் மஞ்சள். ஒவ்வொரு வரியிலும் மூலப் பக்க எண்ணைக் காட்டி, அழுத்தினால் அந்தப் பக்கம் திறக்கும்படி செய்தால், அது எந்த சாட்பாட்டையும்விடப் பெரிய வசதி.

அணிக்கு நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் பேச்சைக் கூட்டுவார். ஒருவர் தரவும் பிராம்ப்டும், ஒருவர் பின்பகுதி (சர்வர் நிரல்), ஒருவர் திரை. நான்காமவர் காலையிலிருந்து மாலை வரை சோதனையும் டெமோவும் மட்டும் பார்ப்பார். இவருக்குக் கோட் தெரியாவிட்டால் நல்லது, தெரிந்தால் கை அரிக்கும். பதினொன்றரைக்குள் ஜேசானின் புலப் பெயர்களைத் தாளில் எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை வைத்துத் திரைக்காரர் போலித் தரவில் வேலை தொடங்கிவிடலாம். இல்லையென்றால் இரண்டு பேருடைய ஏஐ உதவியாளர்கள் ஒரே கோப்பை இரண்டு விதமாகத் திருத்தி, மூன்று மணிக்கு எல்லோர் கோடையும் ஒன்றாக்கி மெர்ஜ் செய்யும்போது யார் எழுதியது எது என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு கோப்புறை, அரை மணிக்கு ஒரு கமிட் (செய்த மாற்றத்தைப் பதிவு செய்தல்).

வெறும் ‘வணக்கம்’ காட்டும் பக்கத்தையாவது சாப்பாட்டுக்கு முன் டெப்ளாய் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். பைத்தானிலேயே வலைப்பக்கம் செய்யும் ஸ்ட்ரீம்லிட்டோ கிரேடியோவோ போதும், ஹக்கிங் ஃபேஸ் தளத்தின் ஸ்பேசில் இலவசமாக ஓடும். ஸ்ட்ரீம்லிட்டில் தெரிந்திருக்க வேண்டியது: எந்தப் பட்டனைத் தொட்டாலும் நிரல் மேலிருந்து கீழ்வரை மீண்டும் ஓடும். கேஷ் (வந்த விடையைச் சேமித்து வைத்தல்) போடாவிட்டால் ‘பக்கம் 3’ என்று அழுத்தும்போதெல்லாம் ஏபிஐக்கு மறுபடி அழைப்பு போகும். காசும் போகும், காத்திருப்பும் கூடும். கோப்பின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) வைத்து விடையைச் சேமித்தால் இது தீரும். டெமோவை லேப்டாப்பிலேயே ஓட்டினால், வைஃபை இறந்தாலும் அதே சேமிப்புதான் காப்பாற்றும்.

நாலு மணிக்கு 429 பிழை (அழைப்புகள் வரம்பைத் தாண்டிவிட்டன என்ற பதில்) வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். பல ஏபிஐகளில் அழைப்பு வரம்பு ரகசியச் சாவியான கீக்கு இல்லை, கணக்குக்கு. அமைப்பாளர்கள் ஒரே கணக்கிலிருந்து எல்லா அணிகளுக்கும் கீ கொடுத்திருந்தால் முப்பது அணிகளும் கடைசி நேரத்தில் அதே வரம்பில் முட்டும். ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளியை இரட்டித்து மீண்டும் முயலும்படி எழுதுவது ஒரு பக்கம். வேறு நிறுவனத்தின் மாடலுக்கு மாறிக்கொள்ளும் ஒரு சுவிட்ச் இன்னொரு பக்கம். கீயைத் திரைப் பகுதி ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவதும், கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடுவதும் இன்றும் நடக்கிறது. ஏறிவிட்டால் கோப்பை அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் அது இருக்கும். கீயையே ரத்து செய்ய வேண்டும்.

மதியம் பிரியாணி. இரண்டிலிருந்து மூன்று வரை எழுதிய எதையும் நாலு மணிக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது நல்லது.

மூன்று மணியிலிருந்து சோதனை அட்டவணை. ஒரு பக்கம் சான்றுகள், மறுபக்கம் புலங்கள், கட்டத்தில் சரி அல்லது தவறு. ஏழெட்டுச் சான்றில் இரண்டைப் பிராம்ப்ட் எழுதுபவர் கண்ணில் காட்டாமல் வைத்திருக்க வேண்டும். காட்டினால் அந்த இரண்டுக்கும் தோதாகக் கட்டளை வளைந்துவிடும். பிராம்ப்டை மாற்றும்போதெல்லாம் அட்டவணை முழுதும் மறுபடி ஓட வேண்டும். தேதியைச் சரிசெய்யச் சேர்த்த ஒரு வாக்கியம் தொகையைக் கெடுத்திருக்கும். ‘நன்றாக வருகிறது’ என்று சொல்லும் அணிகள் நிறைய. எந்தப் புலத்தில் எத்தனை தவறு, அது ஏன் என்று காட்டும் அணி அரிது; ஜூரி அங்கேதான் நிமிர்ந்து உட்காருகிறது.

டெமோ மூன்று நிமிடம் என்றால் அறிமுகத்துக்கு இருபது விநாடி. முதல் நிமிடத்துக்குள் கோப்பு ஏறி விடை திரையில் இருக்க வேண்டும். பிரவுசரை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வாட்ஸ்அப் வெப்பை மூடி, எச்டிஎம்ஐ அடாப்டரையும் சொந்த ஹாட்ஸ்பாட்டையும் கையில் வைத்து, நாலரைக்கே ஒரு திரைப்பதிவு எடுத்து வைத்துவிடுங்கள். மஞ்சள் கட்டம் வரும் ஒரு சான்றைத் தெரிந்தே காட்டுவது நல்லது. ‘தவறாக வந்தால்?’ என்ற கேள்வி எப்படியும் வரும்.

அந்தக் கேள்விக்கான பதிலின் இன்னொரு பாதி திரையில் எழுதும் வாசகத்தில் இருக்கிறது. வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களைத்தான் காட்டும். பதிவாகாத கடனும், விண்ணப்பித்த காலத்துக்கு முந்தைய பரிவர்த்தனையும் அதில் வராது. ஆகவே ‘வில்லங்கம் இல்லை’ என்று திரை சொல்லக் கூடாது. ‘இந்தக் காலத்தில் பதிவானவற்றில் ரசீது இல்லாத ஒப்படைப்பு தென்படவில்லை’ என்று சொல்லலாம். நீளம்தான், ஆனால் வழக்கறிஞர் ஒருவர் ஜூரியில் இருந்தால் இந்த ஒரு வரிக்கே மதிப்பெண் போடுவார்.

‘ஒரு சான்றுக்கு என்ன செலவு?’ என்று கேட்டால் ஊகிக்க வேண்டியதில்லை. ஏபிஐயின் ஒவ்வொரு பதிலிலும் உள்ளே போன டோக்கன், வெளியே வந்த டோக்கன் எண்ணிக்கை இருக்கும். விலைப்பட்டியலால் பெருக்கி, இரட்டை வாசிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

பரிசு அறிவிப்பு முடிந்து படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னும் சில வேலைகள் இருக்கின்றன. கீ எல்லாவற்றையும் ரத்து செய்து, ஏற்றிய கோப்புகளை சர்வரிலிருந்து அழித்து, பில்லிங் பக்கத்தில் ஒரு வரம்பு வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கோட் இருக்கும் களஞ்சியமான ரிப்போவின் முகப்பில் எந்த மாடல், எந்தப் பதிப்பு, எந்தப் பிராம்ப்ட் என்று நாலு வரி எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அந்த மாடல் பதிப்பு மாறி விடைகளும் மாறினால், அட்டவணையை மறுபடி ஓட்டிப் பார்க்க அந்த நாலு வரிதான் வேண்டியிருக்கும்.