டிக் சொன்ன முகவரியும் சர்வர் போன முகவரியும்

ஒரு சனிக்கிழமை இரவு பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறினோம். செயலியும் டேட்டாபேஸும் ஒன்றாகக் குடியிருந்த இயந்திரம் அது. பெயர் அப்படியே இருக்கும், பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு நேரே இருக்கும் ஐபி முகவரி மட்டும் 20-இல் முடிவது 45-இல் முடிவதாக மாறும். அந்தப் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை இரண்டு நாள் முன்பே 86400 விநாடியிலிருந்து 60-ஆகக் குறைத்து வைத்திருந்தேன். ஒரு நாள் முழுக்கப் பழைய பதிலையே பிடித்துக்கொண்டிருக்கும் கேஷ்கள் இனி ஒரு நிமிடத்தில் மறந்துவிடும் என்ற தெம்பு. பழைய இயந்திரத்தை அணைக்கவில்லை. ஏதாவது சொதப்பினால் திரும்பிப் போக வழி வேண்டுமே. அதில் யாரும் எதுவும் எழுத முடியாதபடி பூட்டியாவது வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

திங்கள் காலை புகார் வர ஆரம்பித்தது. சேமித்த பதிவைக் காணவில்லை என்கிறார்கள். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் வருகிறது, இன்னொரு முறை செய்தால் போய்விடுகிறது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. கண்காணிப்புத் திரையில் எல்லாமே பச்சை. சர்வர் விழுந்து கிடந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியும். இப்படிக் கண்ணாமூச்சி ஆடினால்தான் வயிற்றைக் கலக்கும்.

"டிஎன்எஸ் இன்னும் பரவியிருக்காது, 48 மணி நேரம் ஆகும்" என்றார் ஒருவர். இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். டிஎன்எஸ்ஸில் எதுவும் பரவுவதில்லை. கேட்டவர்கள் வாங்கிப்போன பழைய பதில் காலாவதியாகிறது, மறுபடி கேட்கும்போது புதியது கிடைக்கிறது, அவ்வளவுதான். 60 விநாடி டிடிஎல் வைத்த பெயருக்கு ஒன்றரை நாள் கழித்தும் யாரோ பழைய முகவரியைப் பிடித்திருக்கிறார்கள் என்றால், அந்த யாரோ டிடிஎல்லை மதிக்காதவர். அவரைத்தான் தேட வேண்டும்.

பயனர்களின் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் இருக்கும் அந்த இயந்திரத்துக்கு அனுப்ப, என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் ஓடும் மூன்று சர்வர்கள் இருந்தன. மூன்றில் ஒன்று தவறான இடத்துக்கு அனுப்பினால் இந்த வந்து போகும் விளையாட்டு சரியாகப் பொருந்தும். என்னோடு வேலை செய்த இளைஞன் மூன்றிலும் நுழைந்து, ஒரு பெயரின் முகவரியைக் கேட்டுச் சொல்லும் டிக் கட்டளையை ஓட்டினான். மூன்றிலும் 45. எனக்கு அதில் திருப்தி இல்லை. டிக் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும். பெயரும் முகவரியும் எழுதிவைக்க இயந்திரத்திலேயே இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சாதாரண நிரல்கள் சி நூலகம் வழியாகக் கேட்கும், ஹோஸ்ட்ஸ் கோப்பு வழக்கமாக அங்கே முதலில் குறுக்கே வரும். அந்த வழியில் கேட்க கெட்என்ட் என்ற கட்டளை இருக்கிறது. அதையும் ஓட்டச் சொன்னேன். அதுவும் 45. அப்புறம் இயந்திரத்துக்குள் இருந்து முகவரி கேட்டுத் தரும் சிஸ்டம்டி ரிசால்வரின் கேஷைக் காலி செய்தோம். ஒன்றும் மாறவில்லை.

சரி, பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, யார் எங்கே இணைந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம் என எஸ்எஸ் கட்டளைக்கு வந்தோம். முதல் இரண்டு சர்வர்களிலும் என்ஜின்எக்ஸின் இணைப்புகள் 45-க்குப் போயிருந்தன. மூன்றாவதில் வரிசையாக 20, 20, 20.

"அண்ணா, ரீஸ்டார்ட் பண்ணிடட்டுமா?" என்றான். விரல் ஏற்கனவே எண்டர் பொத்தான் மேல்.

"இரு தம்பி. மத்த ரெண்டும் எப்படிச் சரியாச்சுன்னு முதல்ல சொல்லு."

என்ஜின்எக்ஸின் குணம் இது: பின்னால் இருக்கும் சர்வரை வெறும் பெயராக எழுதி வைத்தால், தன் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பைப் படிக்கும்போது ஒரே ஒரு முறை அந்தப் பெயருக்கு முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளும். கோப்பை மறுபடி படிக்கச் சொல்லும் அடுத்த ரீலோட் வரை அதுதான் வேதம். டிடிஎல் 60 என்றாலும் 6 என்றாலும் அதற்குக் கவலையில்லை. இது எங்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. தெரிந்துதான் சனிக்கிழமை இரவு ஒரு ஸ்கிரிப்ட் மூன்றுக்கும் ரீலோட் சிக்னல் அனுப்பியது. மூன்றிலும் 'வெற்றி' என்றே பதில் வந்திருந்தது.

மூன்றாவது சர்வரின் எரர் லாக்கைத் திறந்தோம். சனிக்கிழமை இரவு லாக் அதற்குள் சுழற்சியில் போய்ச் சுருக்கிவைக்கப்பட்டிருந்தது. அதற்குள் தேடினால், இரவு 11:52-க்கு ஒரே ஒரு வரி: ஒரு கோப்பின் 14-ஆம் வரியில் எதிர்பாராத அடைப்புக்குறி. என்ஜின்எக்ஸில் இதற்குப் பெரும்பாலும் முந்தின வரியில் அரைப்புள்ளி விட்டுப்போச்சு என்று அர்த்தம். மூன்று வாரம் முன்பு ஏதோ சோதித்துப் பார்க்க நான் எழுதி, பாதியில் விட்டுப்போன கோப்பு அது. கான்ஃபிக் தவறாக இருக்கும்போது ரீலோட் சிக்னல் வந்தால், என்ஜின்எக்ஸ் விழுந்துவிடாது. லாக்கில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டுப் பழைய கான்ஃபிக்கோடு, பழைய முகவரியோடு வேலையைத் தொடரும். சிக்னல் போய்ச் சேர்ந்ததுதான் ஸ்கிரிப்ட் சொன்ன வெற்றி. அந்த சிக்னலால் என்ன நடந்தது என்று ஸ்கிரிப்ட் கேட்கவே இல்லை.

தம்பி எண்டரை அழுத்தியிருந்தால்? ரீஸ்டார்ட்டில் என்ஜின்எக்ஸ் நின்றிருக்கும், தவறான கான்ஃபிக்கோடு மறுபடி எழுந்திருக்காது. திங்கள் காலை உச்ச நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு படுத்திருக்கும். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான் போல.

அரைப்புள்ளியைப் போட்டு, கான்ஃபிக்கைச் சோதித்து, ரீலோட் செய்ததும் புதிய இணைப்புகள் 45-க்குப் போயின. பழைய கோரிக்கைகளை முடித்துக்கொண்டிருந்த பழைய ஒர்க்கர்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. பிறகு முகவரியை ஓடும்போதே கேட்கும்படி மாற்றினோம்: கான்ஃபிக்கில் ரிசால்வர் யார் என்று சொல்லி, பெயரை ஒரு மாறியில் வைத்துக் கொடுத்தால் என்ஜின்எக்ஸ் அவ்வப்போது கேட்டுக்கொள்ளும். இப்படி மாறியைப் பயன்படுத்தியதும் கோரிக்கையின் பாதையைக் கையாளும் விதமும் மாறிவிடும். அதில் இன்னும் ஒரு மணி நேரம் போனது.

பழைய டேட்டாபேஸில் ஒன்றரை நாளாக விழுந்திருந்த பதிவுகளைப் புதியதோடு சேர்த்ததுதான் நிஜமான வேலை. இரண்டு பக்கமும் ஒரே வரிசை எண்கள், வேறு வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. ஸ்கிரிப்ட் எழுதிப் பாதியைச் சரிசெய்தோம், மீதியை இரண்டு பேரும் உட்கார்ந்து கையால் பார்த்தோம். செவ்வாய் மாலை ஆகிவிட்டது.

அணைப்பதற்கு முன் பழைய இயந்திரத்தில், வந்துபோகும் நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டேன், இன்னும் யாராவது கதவைத் தட்டுகிறார்களா என்று பார்க்க. நிமிடத்துக்கு ஒரு முறை, கடிகாரம் மாதிரி, ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கண்காணிப்பு சர்வர். அதில் யாரோ பெயரை எழுதாமல் 20-இல் முடியும் எண்ணையே எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் திரை அத்தனை நேரமும் பச்சையாக இருந்திருக்கிறது.