அண்ணாச்சி சர்வரும் நான் தொறந்து போட்ட கதவும்

கீழமாசி வீதில மொத்த பலசரக்கு யாவாரம் பண்ற அண்ணாச்சிக்கு டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர கிளவுட்ல போட்டு குடுத்தது நாந்தான், இன்டர்நெட் வழியா வாடகைக்கு எடுத்த விண்டோஸ் கம்ப்யூட்டர் (விஎம்) ஒன்னு, கடைல இருந்து ரிமோட் டெஸ்க்டாப்ல, அதாவது தூரத்துல இருந்தே அந்த கம்ப்யூட்டர் ஸ்கிரீனுக்குள்ள போயி பில் போடுவாங்க. போன மாசம் 18ந்தேதி காலைலயே போன். "தம்பி, ரிமோட்டு உள்ள விட மாட்டேங்குது, 20ந்தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடணும், ஆடிட்டர் வையிறாரு."

நான் மாட்டுத்தாவணில திருச்சி பஸ்ஸுக்கு நிக்கிறேன். பாஸ்வேர்டு கேக்குதா அண்ணாச்சின்னேன், அது வரைக்கும் வரவே இல்லப்பான்னாரு. இத கேட்டாலே பாதி தெரிஞ்சிரும், பாஸ்வேர்டு பெட்டி வந்துட்டா வழி சரியா இருக்கு, வராம சுத்தி சுத்தி எரர் அடிச்சா நடுவுல எங்கயோ அடைப்பு. சில பேரு பிங் அடிச்சு, அதாவது சர்வருக்கு ஒரு கொரல் குடுத்து பதில் வருதான்னு பாத்துட்டு சர்வர் செத்துப்போச்சுன்னு சொல்லிருவாங்க, கிளவுட்ல பிங்க பெரும்பாலும் அடச்சேதான் வச்சிருப்பாங்க, அத நம்பாதீங்க. விண்டோஸ்ல கட்டளை அடிக்கிற பவர்ஷெல்ல டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்னு போட்டு சர்வரோட ஐபியும் (நெட்ல அதோட அட்ரஸ் நம்பர்) 3389 போர்ட்டும் (ரிமோட் டெஸ்க்டாப்போட வாசல் நம்பர்) குடுங்க, வழி இருந்தா ட்ரூ, இல்லைன்னா ஃபால்ஸுன்னு சொல்லிரும். கடைப்பையன விட்டு அடிக்கச் சொன்னேன், ஃபால்ஸ்.

முந்தின நாள் கரண்டு போயிருக்கு, மோடம் ஆஃப் ஆகி ஆன் ஆனதுல கடையோட பிராட்பேண்ட் ஐபி மாறிப்போச்சு. சர்வருக்கு காவக்காரன் மாதிரி இருக்கிற ஃபயர்வால்ல நான் பழைய ஐபிக்கு மட்டுந்தான் வழி விட்ருந்தேன். புது ஐபி என்னன்னு கேட்டு போட்ருந்தா ரெண்டு நிமிஷ வேல, ஆனா பஸ் கெளம்புது, போன்ல சார்ஜ் இல்ல, யார உள்ள விடலாம்னு கேக்குற சோர்ஸ்ல 0.0.0.0/0ன்னு போட்டு சேவ் பண்ணிட்டேன். அதாவது ஒலகத்துல யாரு வேணா வந்து கதவத் தட்டலாம். ஊருக்கு வந்து மாத்திக்கலாம்னு நெனச்சேன், மறந்தே போச்சு.

20ந்தேதி மதியம் திரும்ப போன், இப்ப பாஸ்வேர்டு கேக்குதாம், சரியா போட்டும் அக்கவுண்ட் லாக் ஆயிருச்சுங்குது. அண்ணாச்சி பையனத் திட்டிட்டு இருக்காரு, அவன் பாவம் ஒரு தடவகூட தப்பா போடல. எனக்கு அப்பதான் உறைச்சுச்சு.

2022 அக்டோபருக்கு அப்புறம் வந்த அப்டேட்டோட புதுசா போட்ட விண்டோஸ்ல பாஸ்வேர்ட 10 தடவ தப்பா போட்டா அந்த அக்கவுண்ட் 10 நிமிஷம் பூட்டிக்கும், அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் சேத்துதான். வெளிய இருந்து தானா பாஸ்வேர்டு போட்டுப் பாக்குற புரோகிராம் (bot) ஒன்னு அட்மினிஸ்ட்ரேட்டர் பேர்ல ஓயாம அடிச்சுக்கிட்டே இருந்தா பூட்டு தொறக்கும், உடனே மறுபடி விழும், சொந்தக்காரன் வாசல்லயே நிக்க வேண்டியதுதான். நானும் அந்தப் பேரையே மாத்தாம விட்டு வச்சிருக்கேன் பாருங்க.

மொதல்ல ஃபயர்வால்ல கடை ஐபிய மட்டும் போட்டு மத்தத அடச்சேன், ஒரு டீ குடிச்சிட்டு 10 நிமிஷம் கழிச்சு பையன விட்டு போடச் சொன்னா நேரா உள்ள போயிருச்சு. சாயங்காலம் கடைக்கே போயி நடந்ததெல்லாம் பதிவாகுற ஈவென்ட் வியூவர்ல செக்யூரிட்டி பதிவத் தொறந்தேன், 4625, 4625ன்னு (லாகின் தோத்ததுக்கான நம்பர்) ஸ்க்ரோல் பண்ணி மாளல, அட்மின், டெஸ்ட், யூசர்னு கண்ட பேர்லயும் முட்டிப் பாத்துருக்கானுங்க. நல்ல வேள பாஸ்வேர்டு நீளமா இருந்துச்சு, இல்லைன்னா டேலி டேட்டா மொத்தமும் போயிருக்கும்.

இப்ப பிராட்பேண்டுல மாறாத ஐபி (ஸ்டேட்டிக் ஐபி) வாங்கியாச்சு, மோடத்துக்கு தனியா ஒரு சின்ன யுபிஎஸ், அட்மினுக்கு வேற பேரு. அண்ணாச்சிகிட்ட நடந்தத மறைக்காம சொன்னேன். கல்லாப்பெட்டிய சாத்திக்கிட்டே, "அப்ப ரெண்டு நாளா கடையத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போயிருக்க"ன்னாரு. சர்வீஸ் சார்ஜ் கேக்கல நான்.